கத்தியை நிறுத்திய நுண்ணோக்கி

*தோல் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் நூறாண்டுப் பழக்கங்கள் ஒவ்வொன்றாக விடைபெறுகின்றன. வெட்டு சிறுத்திருக்கிறது, நோயாளியின் ஆயுள் நீண்டிருக்கிறது. இந்த மாற்றம் நம் ஊருக்கு வந்துசேர என்ன தடை?*

ஆப்பரேஷன் மேஜையில் நோயாளி மயக்கத்தில் இருக்கிறார். கெண்டைக்காலில் சின்னதாக ஒரு தழும்பு. சில வாரங்களுக்கு முன் அந்த இடத்திலிருந்த மச்சத்தை எடுத்துப் பரிசோதித்தபோதுதான் மெலனோமா என்று தெரிந்தது. தழும்பைச் சுற்றி சர்ஜன் நீலச் சாயத்தை ஊசியால் ஏற்றுகிறார். தோல் திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கிறது. விரலால் சில நிமிடங்கள் நீவிவிடுகிறார். டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளும் முன்னதாகவே அதே இடத்தில் துளியளவு ஏற்றப்பட்டிருக்கிறது. இப்போது, கிருமி நீக்கிய உறைக்குள் நுழைத்த சிறிய கருவி ஒன்று தொடை இடுக்கின் மேல் மெல்ல நகர்கிறது. டிக், டிக் என்று விட்டுவிட்டு வந்த சத்தம் ஓரிடத்தில் நெருங்கி ஒரே இரைச்சலாகிறது.

அங்கே மட்டும் சின்ன வெட்டு. கொழுப்பை விலக்கினால் மெல்லிய நீலக்கோடு ஒன்று ஓடுகிறது. அது போய்ச் சேரும் இடத்தில், அவரைக்கொட்டை அளவில், நீலமேறிய ஒரு நிணநீர்க் கணு. நாம் பேச்சுவழக்கில் 'நெறி கட்டியிருக்கு' என்று தடவிப் பார்ப்போமே, அந்தக் கணுதான். அதை எடுத்து டப்பாவில் போட்டு பேத்தாலஜிக்கு அனுப்புகிறார்கள். தழும்பைச் சுற்றி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தோலை எடுத்துவிட்டுத் தையல் போடுகிறார்கள். அவ்வளவுதான்.

இதே நோயாளி 1970-களில் ஒரு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போயிருந்தால், கெண்டைக்காலில் நாலாபுறமும் 5 செ.மீ. அளந்து, சதையின் உறைவரை தோண்டியிருப்பார்கள். பள்ளத்தை மூடத் தொடையிலிருந்து தோல் உரித்து ஒட்டியிருப்பார்கள். தொடை இடுக்கிலுள்ள கணுக்களை, அவற்றில் நோய் இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலேயே, பல இடங்களில் ஒட்டுமொத்தமாக வழித்து எடுத்திருப்பார்கள். எஞ்சிய காலமெல்லாம் வீங்கிய காலோடு அவர் நடந்திருக்கக்கூடும்.

வெட்டு இப்படிச் சுருங்கியதற்குக் கத்தியின் கூர்மை காரணமில்லை. ஒவ்வொரு கட்டத்திலும், வெட்டிய சதையை யாரோ ஒருவர் பொறுமையாக நுண்ணோக்கியில் பார்த்திருக்கிறார். பார்த்ததை எண்ணி எழுதி, பிறகு ஆயிரக்கணக்கான நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து சரிபார்த்திருக்கிறார்கள். தோல் புற்றுநோய் அறுவையின் வரலாற்றைப் படிக்கப் படிக்க எனக்குத் திரும்பத் திரும்பத் தென்பட்டது இதுதான்.

ஒரே ஒரு உடல்

அந்த 5 செ.மீ. எங்கிருந்து வந்தது?

லண்டன் மிடில்செக்ஸ் மருத்துவமனையில் வில்லியம் சாம்ப்ஸன் ஹேண்ட்லி என்றொரு சர்ஜன் இருந்தார். மெலனோமா பரவி இறந்த ஒரு பெண்ணின் உடலை அவர் பரிசோதித்தார். கட்டியைச் சுற்றியிருந்த சதையை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் வைத்தபோது, புற்றுச் செல்கள் நிணநீர்க் குழாய்கள் வழியே வெளிப்பக்கமாக ஊர்ந்திருப்பது தெரிந்தது. கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தாண்டி அகலமாகவும் ஆழமாகவும் வெட்ட வேண்டும் என்று 1907-ல் தம் உரைகளில் வலியுறுத்தினார். கணுக்களைச் சேர்த்தே எடுத்துவிட வேண்டும் என்பதை ஹெர்பர்ட் ஸ்னோ என்ற இன்னொரு லண்டன் சர்ஜன் 1892-லேயே சொல்லியிருந்தார்.

நோய் முற்றி இறந்த ஒரே ஒருவரின் உடல். அதிலிருந்து பிறந்த யோசனை காலப்போக்கில் 5 செ.மீ. என்ற விதியாக இறுகி, சுமார் 70 ஆண்டுகள் உலகெங்கும் நடைமுறையில் இருந்தது. ஹேண்ட்லியைக் குறை சொல்ல மாட்டேன். அவராவது பார்த்துவிட்டுப் பேசினார். இந்த விதியால் யாருக்கு என்ன பலன் என்று அவருக்குப் பின் வந்தவர்கள் பல தலைமுறைகளாகக் கேட்கவேயில்லை. புற்றுநோய் என்றதும் எழும் பயம் அந்தக் கேள்வியை அடைத்துவிட்டது. "எல்லாத்தையும் சுத்தமா எடுத்துடுங்க டாக்டர்" என்று நம் குடும்பங்களில் சொல்வோமே, அதே பயம்தான் சர்ஜன்களுக்கும் இருந்தது.

மில்லிமீட்டர் பேசியது

மாற்றம் 1970-ல் தொடங்கியது. வாஷிங்டனிலுள்ள ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பேத்தாலஜி நிபுணராக இருந்த அலெக்ஸாண்டர் பிரெஸ்லோ, மெலனோமாவின் அகலத்தை விட்டுவிட்டு ஆழத்தை அளந்தார். தோலின் மேற்பரப்பிலிருந்து கட்டி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியிருக்கிறது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைத் துல்லியமாகச் சொல்கிறது என்று காட்டினார். ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்ட கட்டியை எடுத்தால் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். நான்கைத் தாண்டினால் ஆபத்து பல மடங்கு. 'பிரெஸ்லோ தடிமன்' என்ற அந்த எண் இன்றும் மெலனோமா ரிப்போர்ட்டின் உயிர்நாடி.

ஆழத்தைப் பொறுத்து ஆபத்து மாறுமென்றால், எல்லோருக்கும் ஒரே அகலத்தில் ஏன் வெட்ட வேண்டும்? மெல்லிய மெலனோமா உள்ள 612 பேரை இரு குழுக்களாகப் பிரித்து, உலக சுகாதார நிறுவனத்தின் மெலனோமா குழு இந்தக் கேள்வியைச் சோதித்தது. ஒரு குழுவுக்கு 1 செ.மீ., இன்னொன்றுக்கு 3 செ.மீ. அல்லது அதற்கு மேல். இத்தாலிய சர்ஜன் உம்பெர்ட்டோ வெரோனேசி தலைமையில் 1988-ல் வெளியான முடிவின்படி, இரு குழுவினரும் உயிரோடிருந்த விகிதத்தில் வேறுபாடு இல்லை.

தடித்த கட்டிகளுக்கும் அதே கேள்வி எழுந்தது. ஸ்வீடன் மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஐரோப்பிய ஆய்வில், 2 மி.மீ.-க்கு மேல் ஆழம் உள்ள 936 பேருக்கு 2 செ.மீ. அல்லது 4 செ.மீ. வெட்டினார்கள். 2011-ல் முடிவு வந்தது. ஐந்தாண்டு முடிவில் இரு குழுவிலும் 65 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். சுமார் 20 ஆண்டுகள் பின்தொடர்ந்த பிறகும் வேறுபாடு தெரியவில்லை.

அப்படியானால் குறைத்துக்கொண்டே போகலாமா? இந்த இடத்தில்தான் பிரிட்டன் ஆய்வு கையைப் பிடித்து நிறுத்துகிறது. 2 மி.மீ. அல்லது அதற்கு மேல் ஆழம் கொண்ட 900 பேரில் பாதிப் பேருக்கு 1 செ.மீ., மீதிப் பேருக்கு 3 செ.மீ. முதலில் வெளியான முடிவில், குறுகிய வெட்டுக் குழுவில் அக்கம்பக்கத்தில் நோய் திரும்புவது கூடியிருந்தது. 2016-ல் நீண்டகால முடிவு வந்தபோது, 1 செ.மீ. குழுவில் 194 பேரும் 3 செ.மீ. குழுவில் 165 பேரும் மெலனோமாவால் இறந்திருந்தார்கள். ஆழமான கட்டிக்கு 1 செ.மீ. போதவில்லை. குறைவாக வெட்டுவதை ஒரு கொள்கையாகவே பிடித்துக்கொள்வதும், அதிகமாக வெட்டுவதைப் பிடித்துக்கொள்வதைப் போலவே ஆபத்தானது. 1 செ.மீ., 2 செ.மீ. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடும் மெல்மார்ட்-2 என்ற பன்னாட்டு ஆய்வு ஆஸ்திரேலியாவைத் தலைமையிடமாகக் கொண்டு நடக்கிறது.

நோயாளிக்கு இந்த சென்டிமீட்டர்கள் என்னவாகின்றன என்பதை ரிப்போர்ட்டுகள் சொல்வதில்லை. நாலாபுறமும் 5 செ.மீ. என்றால் 10 செ.மீ.-க்கும் அகலமான காயம். நேரடியாக இழுத்துத் தைக்க முடியாது. தோல் ஒட்ட வேண்டும், ஒட்டிய தோல் பிடிக்கும்வரை காலை அசைக்கக் கூடாது, தோல் எடுத்த தொடையும் எரியும். ஒட்டிய இடம் குழிந்து, வேறு நிறத்தில், தொட்டால் மரத்துக் கிடக்கும். 1 செ.மீ. என்றால் பெரும்பாலும் ஒரு நேர்கோட்டுத் தையல்தான், அன்றே வீட்டுக்குப் போகலாம். கூலி வேலை பார்ப்பவருக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவருக்கும் இது சின்ன வித்தியாசமா?

> பெட்டிச் செய்தி: மூன்று வகை, மூன்று குணம்
>
> பேசல் செல்: உலகில் மிக அதிகம் காணப்படுவது. முகத்தில், குறிப்பாக மூக்கு, இமை ஓரங்களில் வரும். மெதுவாக வளரும், பரவுவது மிக அரிது. விட்டால் அக்கம்பக்கத்தை அரித்துக்கொண்டே போகும்.
>
> ஸ்குவாமஸ் செல்: வெயில் படும் இடங்களில் மட்டுமின்றிப் பழைய தீக்காயத் தழும்பிலும் ஆறாத புண்ணிலும் வரும். ஒரு பகுதி கணுக்களுக்குப் பரவும்.
>
> மெலனோமா: நிறமிச் செல்களில் தொடங்குவது. எண்ணிக்கையில் குறைவு, உயிர் பறிப்பதில் முதலிடம்.
>
> மெலனோமாவுக்கு இன்றைய வெட்டு அளவு: மேல்தோலுக்குள்ளேயே இருந்தால் 0.5 முதல் 1 செ.மீ.; ஆழம் 1 மி.மீ. வரை 1 செ.மீ.; 1 முதல் 2 மி.மீ. வரை 1 அல்லது 2 செ.மீ.; அதற்கு மேல் 2 செ.மீ.

கணுக்களை வழித்தெடுப்பதா, விட்டுவைப்பதா?

தோலிலிருந்து புறப்படும் புற்றுச் செல் பெரும்பாலும் முதலில் போய்த் தங்குவது அருகிலுள்ள கணுவில். ஆகவே கணுக்களை எடுத்துவிட்டால் நோயை வழியிலேயே மறித்துவிடலாம் என்று சர்ஜன்கள் நினைத்தார்கள். ஆனால் அப்படி எடுத்த பெரும்பாலானவர்களின் கணுக்களில் நோயே இல்லை. ஒன்றும் இல்லாததற்கு வாழ்நாள் விலை கொடுத்தார்கள்.

கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டொனால்ட் மார்ட்டன் இதற்கு ஒரு வழி கண்டார். கட்டியிருந்த இடத்தின் நிணநீர் முதலில் எந்தக் கணுவுக்குப் போகிறதோ அதை மட்டும் எடுத்துப் பார்ப்போம், அது சுத்தமென்றால் மற்றவையும் சுத்தமாகத்தான் இருக்கும். கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த நீலச் சாயம் அவருடைய யோசனை. 1992-ல் அவர் குழு அதை வெளியிட்டது. காவல் கணு என்று அதைச் சொல்லலாம். ஒரே ஒரு கணு கையில் இருப்பதால் பேத்தாலஜி நிபுணர் அதைப் பல அடுக்குகளாகச் சீவி, சிறப்புச் சாயங்கள் ஏற்றி, ஒளிந்திருக்கும் சில செல்களைக்கூடக் கண்டுபிடிக்க முடிகிறது. முப்பது கணுக்கள் மொத்தமாக வந்தபோது இந்த நுணுக்கம் சாத்தியமில்லை.

காவல் கணுவில் நோய் இருந்தால்? அப்போது மீதியை எடுத்தே ஆக வேண்டும் என்பது இன்னொரு கால் நூற்றாண்டுப் பழக்கம். அதைச் சோதிக்க மார்ட்டனே ஒரு பன்னாட்டு ஆய்வைத் தொடங்கினார். முடிவைப் பார்க்க அவர் இல்லை, 2014 ஜனவரியில் இறந்துவிட்டார். 2017-ல் மார்க் ஃபேரிஸ் தலைமையில் அது வெளியானது. காவல் கணுவில் நோய் கண்ட 1,900-க்கும் மேற்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு மீதிக் கணுக்களை உடனே எடுத்தார்கள். மற்றவர்களை அல்ட்ராசவுண்ட் மூலம் கண்காணித்து, தேவைப்பட்டால் மட்டும் எடுத்தார்கள். மூன்றாண்டுகளில் மெலனோமாவால் இறக்காமல் இருந்தவர்கள் இரு குழுவிலும் 86 சதவீதம். ஜெர்மனியில் 483 பேரிடம் நடந்த சிறிய ஆய்வும் அதற்கு முந்தைய ஆண்டே இதைத்தான் சொல்லியிருந்தது.

ஒன்றில் மட்டும் பெரிய வித்தியாசம். கணுக்களை வழித்தெடுத்தவர்களில் 24.1 சதவீதம் பேருக்கு நிணநீர் வீக்கம் வந்தது. கண்காணிப்பில் இருந்தவர்களில் 6.3 சதவீதம்.

தஞ்சாவூர், கும்பகோணம் பக்கம் யானைக்கால் கண்டவர்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு நிணநீர் வீக்கத்தை விளக்கத் தேவையில்லை. அங்கே கொசுவும் புழுவும் செய்ததை இங்கே கத்தி செய்கிறது. நிணநீர் வடிய வழியின்றிக் கால் கனக்கிறது, செருப்பு நுழையவில்லை. சின்னக் கீறல் பட்டாலும் சிவந்து, குளிரடித்துக் காய்ச்சல் வருகிறது. இறுக்கமான உறையை ஆயுள் முழுக்க அணிய வேண்டும். கைக்கு வந்தால் தண்ணீர்க் குடம் தூக்க முடியாது. நான்கு பேரில் ஒருவருக்கு இந்த நிலை, பதிலுக்கு ஆயுளில் ஒரு நாள்கூடக் கூடவில்லை. இதை அறிந்த பிறகு உலக நடைமுறை மாறியது. காவல் கணுவில் நோய் இருந்தாலும் இன்று பெரும்பாலோருக்கு மீதிக் கணுக்களை உடனே எடுப்பதில்லை.

கத்திக்கு முன் மருந்து

இதுவரை சொன்னது சின்ன நோய்க்கு. கணு ஏற்கெனவே கையில் தட்டுப்படும் அளவுக்கு வீங்கிவிட்டால்? முதலில் ஆப்பரேஷன், பிறகு மருந்து என்பதுதான் எல்லோரும் கற்ற பாடம். கடந்த சில ஆண்டுகளில் தலைகீழானது இந்த வரிசைதான்.

உடலின் எதிர்ப்புச் செல்களுக்குப் போடப்பட்டிருக்கும் தடையை நீக்கிவிட்டால் அவையே புற்றுநோயைத் தாக்கும் என்ற கண்டுபிடிப்புக்காக ஜேம்ஸ் ஆலிசனும் தசுக்கு ஹோஞ்சோவும் 2018-ல் நோபல் பரிசு பெற்றார்கள். அதிலிருந்து வந்தவைதான் இப்பிலிமுமாப், நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற இம்யூனோதெரபி மருந்துகள். உடலெங்கும் பரவிய மெலனோமாவோடு ஓராண்டைத் தாண்டுவதே அரிதாக இருந்த காலம் போய், முதல் இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் பத்தாண்டுக்குப் பின்னும் உயிரோடிருப்பதாக 2024-ல் முடிவு வந்தது.

இந்த மருந்தை ஆப்பரேஷனுக்கு முன் கொடுத்தால் என்ன என்று கேட்டவர்களில் முக்கியமானவர் ஆம்ஸ்டர்டாமிலுள்ள நெதர்லாந்து புற்றுநோய் நிறுவனத்தின் கிறிஸ்டியன் பிளாங்க். கட்டி உடலுக்குள் இருக்கும்போதே மருந்து போனால், எதிர்ப்புச் செல்கள் அந்தக் கட்டியைப் பார்த்தே பயிற்சி பெறும், பல வகையாகப் பெருகும். வெட்டி எறிந்துவிட்டு மருந்து கொடுத்தால் பயிற்சிக்குப் பாடமே இருக்காது. வெறும் 20 பேரிடம் செய்த ஆரம்ப ஆய்வில் இந்த ஊகத்துக்கு ஆதாரம் கிடைத்தது.

அமெரிக்காவில் சப்னா படேல் தலைமையில் 313 பேரிடம் நடந்த ஆய்வு இதை மிக எளிமையாகச் சோதித்தது. எல்லோருக்கும் ஒரே மருந்து, ஒரே எண்ணிக்கை: பெம்ப்ரோலிசுமாப் 18 தவணை. ஒரு குழுவுக்குப் பதினெட்டும் ஆப்பரேஷனுக்குப் பிறகு, இன்னொரு குழுவுக்கு மூன்று தவணை முன்பு, பதினைந்து பின்பு. மூன்று ஊசிகளின் தேதி மட்டும்தான் மாறியது. இரண்டாண்டுகளில் நோய் திரும்பாமலும் சிக்கலின்றியும் இருந்தவர்கள், எல்லாத் தவணையும் ஆப்பரேஷனுக்குப் பிறகு பெற்ற குழுவில் 49 சதவீதம், மூன்று தவணையை முன்பே பெற்ற குழுவில் 72 சதவீதம். 2023-ல் இது வெளிவந்தது.

மறு ஆண்டு பிளாங்க் குழுவின் நாடினா ஆய்வு வந்தது. 423 பேர். புதிய முறையில் ஆறு வாரங்களில் இரண்டு தவணை கூட்டு மருந்து, பிறகு ஆப்பரேஷன். ஓராண்டு முடிவில் பாதிப்பின்றி இருந்தவர்கள் 83.7 சதவீதம், பழைய முறையில் 57.2 சதவீதம். அதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொன்று. எடுத்த சதையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, 59 சதவீதம் பேருக்குக் கட்டியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான் உயிருள்ள புற்று மிஞ்சியிருந்தது. அவர்களுக்கு அதற்குமேல் மருந்தே கொடுக்கவில்லை. ஓராண்டு ஊசிகள் இரண்டு ஊசியோடு முடிந்தன.

மருந்து இவ்வளவு வேலை செய்துவிட்டால் கணுக்களை வழித்தெடுக்கும் பெரிய ஆப்பரேஷன் தேவையா? பிராடோ என்ற ஆய்வில் 99 பேருக்கு மருந்து கொடுத்து, பெரிதாக இருந்த ஒரு கணுவை மட்டும் எடுத்துப் பார்த்தார்கள். அதில் புற்று ஏறக்குறைய மடிந்திருந்த 60 பேரில் 59 பேருக்குப் பெரிய ஆப்பரேஷனைத் தவிர்த்தார்கள். இரண்டாண்டுகளில் அந்த 60 பேரில் 93 சதவீதம் பேருக்கு நோய் திரும்பவில்லை.

மருந்துக்கு விலை உண்டு, பணத்தில் மட்டும் இல்லை. கட்டவிழ்ந்த எதிர்ப்புச் சக்தி குடல், கல்லீரல், தைராய்டு என்று சொந்த உறுப்புகளையும் தாக்கும். நாடினாவில் மருந்தால் கடும் பக்கவிளைவு கண்டவர்கள் புதிய முறையில் 29.7 சதவீதம், பழைய முறையில் 14.7 சதவீதம். சில ஹார்மோன் குறைபாடுகள் நிரந்தரமாகத் தங்கிவிடும். இளம் நோயாளிக்கு இதை விளக்காமல் ஊசி போடுவது சரியில்லை.

சிட்னியில் இந்த ஆய்வுகளில் முன்னணியில் இருந்தவர்கள் ஜார்ஜினா லாங்கும் பேத்தாலஜி நிபுணர் ரிச்சர்ட் ஸ்கோலியரும். 2023-ல் ஸ்கோலியருக்கே மூளையில் கொடிய புற்றுநோய் வந்தது. மெலனோமாவில் கற்ற பாடத்தைத் தம் மூளைக்கே சோதனையாக்கி, ஆப்பரேஷனுக்கு முன் இம்யூனோதெரபி எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து 'ஆண்டின் ஆஸ்திரேலியர்' விருது பெற்றார்கள்.

மூக்கு நுனியில் ஒரு மில்லிமீட்டர்

முகத்தில் வரும் பேசல் செல் புற்றுக்கு உயிர்ப்பயம் குறைவு. ஆனால் இமையிலும் மூக்கிலும் கூடுதலாக எடுக்கும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் முகத்தை மாற்றும், குறைவாக எடுத்தால் நோய் திரும்பும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஃபிரெடெரிக் மோஸ் 1930-களில் இதற்காக உருவாக்கிய முறையில், மெல்லிய அடுக்காக எடுத்து, அங்கேயே நுண்ணோக்கியில் விளிம்பு முழுவதையும் பார்த்து, புற்று மிஞ்சியிருக்கும் மூலையில் மட்டும் அடுத்த அடுக்கை எடுக்கிறார்கள். நோயாளி கட்டுப் போட்டுக்கொண்டு வெளியே காத்திருக்கிறார்.

நெதர்லாந்தில் இதைச் சாதாரண ஆப்பரேஷனோடு ஒப்பிட்டுப் பத்தாண்டு பின்தொடர்ந்தார்கள். ஏற்கெனவே ஒரு முறை திரும்பி வந்த முகப் புற்றில், சாதாரண முறைக்குப் பின் 13.5 சதவீதமும் மோஸ் முறைக்குப் பின் 3.9 சதவீதமும் மறுபடி வந்தது. பல கட்டிகள் ஐந்தாண்டு கழித்துத்தான் தலைகாட்டின. ஐந்தாண்டு ஆனதும் செக்கப்பை நிறுத்திவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஸ்குவாமஸ் செல் புற்றிலும் மருந்து முன்னால் வந்துவிட்டது. கண்ணையோ காதையோ எடுக்க வேண்டிய அளவு முற்றும் வகை இது. 79 பேருக்கு ஆப்பரேஷனுக்கு முன் செமிப்லிமாப் கொடுத்த ஆய்வில், எடுத்த சதையில் 51 சதவீதம் பேருக்குப் புற்றுச் செல் ஒன்றுகூட மிஞ்சவில்லை. 2022-ல் வந்த செய்தி இது.

> பெட்டிச் செய்தி: பாவாடை நாடாவும் காங்கிரியும்
>
> நம் நாட்டில் தோல் புற்றுநோய்க்கு வெயில் மட்டும் காரணமில்லை. இடுப்பில் பல்லாண்டு பாவாடை நாடாவோ சேலையோ இறுக்கிக் கட்டி, தோல் உரிந்து, புண்ணாகி, அதில் ஸ்குவாமஸ் செல் புற்று வந்த இரண்டு மூதாட்டிகளைப் பற்றி மகாராஷ்டிரம், பீகார் மருத்துவர்கள் 2024-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதினார்கள். காஷ்மீரில் குளிருக்கு ஆடைக்குள் வைத்துக்கொள்ளும் காங்கிரிச் சட்டியின் சூட்டால் வயிற்றிலும் தொடையிலும் வரும் புற்று நூறாண்டுக்கு மேலாக அறியப்பட்டது. நாடாவைத் தளர்த்துவதும் அகலப் பட்டையாக மாற்றுவதும் செலவில்லாத தடுப்பு. ஆறாத புண்ணும் பழைய தீக்காயத் தழும்பில் புதிதாகத் தோன்றும் தடிப்பும் டாக்டர் பார்க்க வேண்டியவை.

உள்ளங்காலைப் பார்த்தீர்களா?

மேலே சொன்ன ஆய்வுகளில் பங்கேற்றவர்கள் ஆஸ்திரேலியா, ஐரோப்பா, அமெரிக்காவைச் சேர்ந்தவர்கள், பெரும்பாலும் வெள்ளைத் தோலினர். அங்கே மெலனோமாவுக்கு முதல் காரணம் வெயில். ஆஸ்திரேலியர் மூவரில் இருவருக்கு 70 வயதுக்குள் ஏதாவதொரு தோல் புற்றுநோய் வருகிறது. நமக்குக் கறுப்பு நிறமி பெரும் பாதுகாப்பு. இந்தியாவில் மொத்தப் புற்றுநோயில் தோல் புற்றுநோய் மிகச் சிறு பங்கு.

அந்தச் சிறு பங்கில்தான் கொடுமை இருக்கிறது. நம் போன்ற தோலில் மெலனோமா வரும்போது, அது பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தடியிலும் வருகிறது. வெயிலுக்கும் அதற்கும் தொடர்பில்லை, சன்ஸ்கிரீன் தடுக்காது. யாரும் அந்த இடத்தைப் பார்ப்பதுமில்லை. பார்த்தாலும் ஆணி என்பார்கள், முள் குத்தியது என்பார்கள், சர்க்கரைப் புண் என்பார்கள். ஆணிக்குப் பிளாஸ்திரி ஒட்டி ஆறு மாதம், மஞ்சள் வைத்துக் கட்டி ஆறு மாதம். ஆஸ்பத்திரிக்கு வரும்போது தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கும். அமெரிக்காவில் மெலனோமா கண்டு ஐந்தாண்டு வாழ்பவர்கள் வெள்ளையரில் சுமார் 94 சதவீதம், கறுப்பினத்தவரில் சுமார் 70 சதவீதம். தாமதமாகத் தெரியவருவது இதற்கு முக்கியக் காரணம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. உள்ளங்கால் மெலனோமா உயிரியல் ரீதியாகவே வேறு வகை. வெயிலால் வரும் மெலனோமாவில் மரபணுச் சிதைவுகள் ஏராளம், எதிர்ப்புச் செல்களால் எளிதில் அடையாளம் காண முடியும். உள்ளங்கால் வகையில் அந்தச் சிதைவுகள் குறைவு, இம்யூனோதெரபிக்கு மசிவதும் குறைவு. ஆகவே நாடினாவின் 83.7 சதவீதத்தை அப்படியே நம் நோயாளியிடம் சொல்வது நியாயமாகாது.

> பெட்டிச் செய்தி: கால் விரலில் தொடங்கியது
>
> ஜமைக்கா பாடகர் பாப் மார்லிக்குக் கால் பெருவிரல் நகத்தடியில் மெலனோமா இருப்பது 1977-ல் தெரிந்தது. கால்பந்து ஆடியபோது பட்ட காயம் என்றே முதலில் எண்ணினார்கள். விரலை எடுக்கச் சொன்ன ஆலோசனையை அவர் ஏற்கவில்லை. நகமும் அதன் படுகையும் மட்டும் எடுக்கப்பட்டு, தொடைத் தோல் ஒட்டப்பட்டது. 1980 செப்டம்பரில் நியூயார்க்கில் ஓடும்போது சுருண்டு விழுந்தார். 1981 மே 11 அன்று இறந்தபோது வயது 36.

ஊசியின் விலை

இம்யூனோதெரபி நம் ஊரில் தவணைக்கு லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை. காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்களிலும் பலருக்கு எட்டாதது. எனவே ஆப்பரேஷனுக்கு முன் மருந்து என்ற புதிய வரிசை, நடைமுறையில் வசதியுள்ளவருக்கு ஒரு சிகிச்சை, இல்லாதவருக்கு வேறு சிகிச்சை என்று பிரித்துவிடும் ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது.

இதற்கு ஒரு வழி இருக்கக்கூடும் என்று நம்பிக்கை தருவது மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையின் ஆய்வு. தலை, கழுத்துப் புற்று முற்றிய 151 பேரில் ஒரு குழுவுக்கு, வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, 20 மில்லிகிராம் நிவோலுமாப் மட்டும் சேர்த்துக் கொடுத்தார்கள். ஓராண்டு உயிரோடிருந்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 சதவீதமாக உயர்ந்தார்கள். இது வேறு புற்றுநோய், தோலுக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் குறைந்த அளவு மருந்தை உள்ளங்கால் மெலனோமாவில், ஆப்பரேஷனுக்கு முன் சோதிக்கும் ஆய்வை நடத்த வேண்டியவர்கள் நாம்தான். நோயாளிகள் இருப்பது ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் லத்தீன் அமெரிக்காவிலும். சிட்னியும் ஆம்ஸ்டர்டாமும் நமக்காக இதைச் செய்து தரும் என்று காத்திருக்க வேண்டாம்.

குப்பைக்குப் போகும் சதை

பணமே தேவைப்படாத ஒன்றையும் நாம் செய்யாமல் இருக்கிறோம். அதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

மச்சம், மரு, ஆணி என்று சொல்லி சின்ன கிளினிக்கிலும் அழகு நிலையத்திலும் தினமும் எத்தனையோ பேர் சுட்டு எடுத்துக்கொள்கிறார்கள். மின்சூடு, லேசர், சில இடங்களில் அமிலம்கூட. எடுத்தது எங்கே போகிறது? சுட்டதில் சதையே மிஞ்சுவதில்லை. மிஞ்சியதும் பஞ்சோடு குப்பைக்குப் போகிறது. அதில் பத்தாயிரத்தில் ஒன்று மெலனோமாவாக இருந்தால், அந்த ஒருவர் திரும்ப வரும்போது கணு வீங்கியிருக்கும், முதல் கட்டியின் ஆழம் என்ன என்பது யாருக்கும் தெரியாது. பிரெஸ்லோவின் அந்த ஒற்றை எண் இல்லாமல் எத்தனை சென்டிமீட்டர் வெட்டுவது, காவல் கணுவைத் தேடுவதா, மருந்தை முன்னால் கொடுப்பதா என்று எதையும் முடிவு செய்ய முடியாது. நூறாண்டு ஆய்வு முழுவதும் அந்தக் குப்பைக் கூடையோடு போய்விடுகிறது.

ஆகவே உள்ளங்காலிலோ நகத்தடியிலோ புதிதாகக் கறுப்புக் கோடோ திட்டோ தோன்றினால், மச்சம் வடிவமோ நிறமோ மாறினால், ஒரு மாதமாகியும் புண் ஆறாவிட்டால், தோல் மருத்துவரிடம் போங்கள். சுடச் சொல்லாதீர்கள், சுட அனுமதிக்காதீர்கள். சந்தேகமென்றால் முழுதாக வெட்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்பச் சொல்லுங்கள். அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்யும் ஊசி போட்டு அரை மணியில் முடியும் வேலை. மெலனோமா என்று வந்தால் ஆப்பரேஷனைத் தள்ளிப் போடாதீர்கள். அமெரிக்காவில் 1.5 லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்தபோது, ஆரம்பக் கட்டத்திலேயே ஒரு மாதத்துக்கு மேல் தாமதித்தவர்களின் ஆயுள் குறைந்திருந்தது.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் அதில் தடிமன் எத்தனை மி.மீ., மேலே புண்ணாகியிருக்கிறதா, விளிம்பில் புற்று இருக்கிறதா என்ற மூன்றும் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் லேபில் கேட்டு எழுதி வாங்குங்கள். சதையை மெழுகில் பதித்த பிளாக்கை லேப் பத்திரப்படுத்தி வைத்திருக்கும். வேறு மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகும்போது அந்த பிளாக்கையும் கண்ணாடித் தகடுகளையும் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.